இன்டெக்ஸ் ஓடும்போது சர்வர் திணறுகிறது: நேரத்தை மாற்றினால் மட்டும் போதுமா?

நடுச்சாமக்கிரான் · திங்கள், மாலை 6:20

டெபியன் 12, விர்ச்சுவல் மெஷின், 16 கோர், 64 ஜிபி ரேம். டேட்டா முழுக்க ஒரே டிஸ்க்கில், /டெவ்/விடிஏ, எக்ஸ்ட்4. ஹோஸ்ட்டில் அதற்கு அடியில் இருப்பது 7200 சுற்று ஹார்ட் டிஸ்க்குகள்தான், எஸ்எஸ்டி இல்லை. 40 பேர் பகிர்ந்து பயன்படுத்துகிறார்கள்: சம்பா ஷேர் (நெட்வொர்க்கில் பகிரும் கோப்புகள்), கிட் ரெப்போக்கள் (நிரல் களஞ்சியங்கள்), கொஞ்சம் டாக்கர் (கன்டெய்னர்கள்).

வேலைநாளில் ஏதாவது ஒரு நேரத்தில் எல்லாமே உறைந்துபோகிறது. லோடு ஆவரேஜ் 30-ஐத் தாண்டுகிறது, ஆனால் சிபியு 5 சதவீதம்கூட ஓடவில்லை. சின்னக் கோப்பைச் சேமிக்க 10, 15 நொடி. ஒருநாள் காலை 9:40-க்கு, மறுநாள் மதியம் 2 மணிக்கு, அதற்கடுத்த நாள் வரவே இல்லை. அயோடாப் (யார் டிஸ்க்கைப் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தால் முதலிடத்தில் அப்டேட்டிபி, அதாவது லொகேட் தேடலுக்காகக் கோப்புப் பெயர்களை இன்டெக்ஸ் செய்யும் நிரல். அதற்குக் கீழே நாலைந்து ரீகால்இன்டெக்ஸ், அதாவது ரீகால் தேடலுக்கான இன்டெக்ஸ் நிரல். கிரான்டேபில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானின் பட்டியல்) தேடினேன், எதுவும் இல்லை.

இதை இரவு 2 மணிக்குத் தள்ளினால் போதுமா? எங்கே போய்த் தள்ளுவது?

(கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். பதில் போடுபவர்களும் அப்படியே போடலாம், எல்லாருக்கும் புரியும்.)

---

ஒருவரிப்பதில் · திங்கள், மாலை 6:31

அயோநைஸ் -சி3 போடு நண்பா. டிஸ்க் சும்மா இருக்கும்போது மட்டும்தான் ஓடும். முடிஞ்சது.

---

பழையமணி · திங்கள், இரவு 8:05

தம்பி, நேரம் ஏன் தினமும் மாறுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பாதி விடை அதில்தான் இருக்கிறது.

டெபியன் 12-இல் லொகேட் என்றால் பிலொகேட். அது கிரானில் உட்காராது, சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) டைமரில் உட்காரும். `சிஸ்டம்சிடிஎல் கேட் பிலொகேட்-அப்டேட்டிபி.டைமர்` என்று அடித்துப் பாருங்கள். உள்ளே கவனிக்க வேண்டியவை மூன்று வரிகள்:

ஆன்கேலண்டர்=டெய்லி
ரேண்டமைஸ்டுடிலேசெக்=12ஹெச்
பெர்சிஸ்டென்ட்=ட்ரூ

டெய்லி என்றால் 00:00. அதற்குமேல் 0 முதல் 12 மணி நேரம் வரை குலுக்கல் போட்டு ஒரு தாமதம். ஒரே ஸ்டோரேஜில் நூறு மெஷின் இருந்தால் நூறும் ஒரே நொடியில் பாயக்கூடாது என்பதற்காக வைத்தது, நல்ல எண்ணம்தான். ஆனால் உங்கள் சர்வர் கடிகாரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். `டைம்டேட்சிடிஎல்` போட்டால் தெரிந்துவிடும். யுடிசி 00:00 என்பது நமக்குக் காலை 5:30. ஆக, குலுக்கல் சீட்டு காலை 5:30-க்கும் மாலை 5:30-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழும். அலுவலக நேரம் முழுக்க அந்த வலைக்குள் இருக்கிறது. ஒருநாள் 9:40, ஒருநாள் 2 மணி, காலை 6 மணிக்கு விழுந்த நாளில் யாருக்கும் தெரியாது.

உறுதி செய்துகொள்ள `ஜர்னல்சிடிஎல் -யு பிலொகேட்-அப்டேட்டிபி`. தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் வரும், 5:30 கூட்டிக்கொள்ளுங்கள்.

பழைய எம்லொகேட் இருக்கும் டெபியன், உபுண்டு சர்வர்களில் இதே நோய் வேறு முகத்தோடு வரும். அங்கே கிரான்.டெய்லி 6:25-க்கு ஓடும். யுடிசி சர்வரில் அது நமக்கு 11:55. "தினமும் சாப்பாட்டுக்கு முன்னாடி சர்வர் படுத்துக்குது" என்று புகார் வந்தால் வேறெங்கும் தேடாமல் இதைப் பாருங்கள்.

இதற்காக சர்வரின் நேர மண்டலத்தை மாற்றவேண்டாம். மாற்றினால் கிரானை ரீஸ்டார்ட் செய்யவேண்டும், பழைய லாக்கும் புதிய லாக்கும் ஐந்தரை மணி நேரம் முன்பின்னாக நிற்கும், ஒரு பிரச்சினைக்கு ஒன்பது பிரச்சினை. டைமர் வரியிலேயே மண்டலத்தை எழுதலாம்:

ஆன்கேலண்டர்=*-*-* 02:10:00 ஏசியா/கொல்கத்தா

சரியா என்று பார்க்க `சிஸ்டம்டி-அனலைஸ் கேலண்டர்` என்ற கட்டளைக்கு அந்த வரியை மேற்கோளில் கொடுங்கள். அடுத்து எப்போது என்று யுடிசியிலும் சொல்லும், 20:40 என்று வரவேண்டும். கிரானில் இதற்கு ஈடாக கிரான்_டிஇசட் என்று ஒன்று உண்டு, ஆனால் அது ரெட்ஹேட் பக்கத்து கிரானியில்தான். டெபியன் கிரானில் அந்த வரியை எழுதினால் பிழை சொல்லாது, கண்டுகொள்ளவும் செய்யாது.

---

கர்னல்காவல் · திங்கள், இரவு 9:12

@ஒருவரிப்பதில், அந்த -சி3, அதாவது ஐடில் கிளாஸ், ஏற்கெனவே இருக்கிறது. பிலொகேட்டின் சர்வீஸ் ஃபைலிலேயே ஐஓஷெட்யூலிங்கிளாஸ்=ஐடில் என்று வரி உண்டு. இருந்தும் சர்வர் திணறுகிறது என்றால் அந்த வரியை யாரும் மதிக்கவில்லை என்று அர்த்தம்.

முன்னுரிமையைப் பார்ப்பது ஐஓ ஷெட்யூலரின் (டிஸ்க் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் கர்னல் பகுதி) வேலை. முன்பு சிஎஃப்க்யூ பார்த்தது, 2019-இல் வந்த லினக்ஸ் 5.0-இல் அதைத் தூக்கிவிட்டார்கள். இப்போது பிஎஃப்க்யூ பார்க்கும். எம்க்யூ-டெட்லைன் 5.14-இலிருந்து பார்க்கிறது. கைபர், நன் இரண்டும் திரும்பிக்கூடப் பார்க்காது. இணையத்தில் "அயோநைஸ் போடு" என்று இருக்கும் பதிவுகளில் பாதி சிஎஃப்க்யூ காலத்தவை.

@நடுச்சாமக்கிரான், `கேட் /சிஸ்/பிளாக்/விடிஏ/க்யூ/ஷெட்யூலர்` என்ன காட்டுகிறது? சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் இப்போது நடப்பில் உள்ளது. கூடவே இரண்டு எண்: `டிஎஃப் -ஐ` சொல்லும் இனோடு (ஒவ்வொரு கோப்புக்கும் டைரக்டரிக்கும் இருக்கும் விவரப் பதிவு) எண்ணிக்கை (இது உடனே வரும், டிஸ்க்கைத் தொடாது), டைரக்டரிகள் மட்டும் எத்தனை. இரண்டாவதற்கு `ஃபைண்ட் -எக்ஸ்டெவ் -டைப் டி` வேண்டும், அதுவே கனமான வேலை, ராத்திரி போடுங்கள்.

லோடு 30 ஏன் என்றால், லினக்ஸ் லோடு கணக்கில் சிபியுவுக்குக் காத்திருப்பவர்களோடு டிஸ்க்குக்காக டி நிலையில் நிற்பவர்களும் சேர்த்தி. 30 என்றால் பெரும்பாலும் சம்பா ப்ராசஸ்கள் வரிசையில் நிற்கின்றன.

---

நடுச்சாமக்கிரான் · செவ்வாய், காலை 8:50

யுடிசிதான். ஜர்னல் நேரங்கள் உறைந்த நேரங்களோடு அச்சாகப் பொருந்துகின்றன. நன்றி அண்ணே.

ஷெட்யூலர்: [நன்] எம்க்யூ-டெட்லைன்.
பயன்பாட்டில் உள்ள இனோடு: 1 கோடியே 10 லட்சம்.
டைரக்டரி: 12 லட்சத்துச் சொச்சம்.

இப்போது பிஎஃப்க்யூ போடவேண்டுமா?

---

தட்டுக்கணக்கு · செவ்வாய், காலை 10:30

ஷெட்யூலரை விடுங்கள், முதலில் அந்த 12 லட்சத்தைப் பாருங்கள்.

அப்டேட்டிபி ஒவ்வொரு நாளும் எல்லாக் கோப்பையும் புதிதாகப் படிப்பதில்லை. டைரக்டரியின் மாற்ற நேரத்தைப் பழைய டேட்டாபேஸோடு ஒப்பிடும், மாறவில்லை என்றால் உள்ளே இருக்கும் பட்டியலை மறுபடி வாசிக்காமல் பழையதையே எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த நேரத்தைப் பார்க்கவே ஒவ்வொரு டைரக்டரியின் இனோடையும் தொட்டாகவேண்டும். அதனால் இங்கே சுமையைத் தீர்மானிப்பது ஒரு கோடிக் கோப்பு இல்லை, 12 லட்சம் டைரக்டரி.

7200 சுற்று டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கும். சராசரியாக அரைச் சுற்று காத்திருப்பு 4.2, தலை நகர 8 அல்லது 9. ஆக ஒரு சிதறிய வாசிப்புக்கு 12, 13 மில்லிநொடி, நொடிக்கு 80 வாசிப்பு. அப்டேட்டிபி ஒற்றை ஆளாக நடக்கிறது, ஒரு பதில் வந்த பிறகுதான் அடுத்த கேள்வி. ரெய்டில் எத்தனை டிஸ்க் இருந்தாலும் இந்த 80 பெரிதாக ஏறாது. மோசமான நிலையில் 12,00,000 ÷ 80 = 15,000 நொடி, 4 மணி 10 நிமிடம். பக்கத்துப் பக்கத்து இனோடுகள் ஒரே பிளாக்கில் வருவதால் நடப்பில் இதைவிடக் குறையும், ஆனால் மணிக்கணக்கு என்பது மாறாது. அந்த நேரம் முழுக்க மற்றவர்களின் நேர்வரிசை வாசிப்புக்கு நடுவில் தலை அங்கும் இங்கும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆள் ஒருவர்தான், ஆனால் பந்தியில் ஒவ்வொரு வாய்க்கும் எழுந்து போய் வருகிற ஆள்.

இரவு 2 மணிக்குத் தொடங்கினாலும் காலை 6 மணி. பேக்கப்போடு மோதினால் 8. ஆகவே நேரத்தை மாற்றுவது இரண்டாவது வேலை, நடக்கிற தூரத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை.

அந்த 12 லட்சம் எங்கிருந்து வருகிறது என்பதை ஊகிக்கலாம்:

நோட்_மாட்யூல்ஸ், ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகள் வந்து குவியும் டைரக்டரி. இதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

.கிட். ஆப்ஜெக்ட்ஸ் டைரக்டரிக்குள் இரண்டிரண்டு எழுத்தில் 256 வரை கிளைகள். 300 ரெப்போ என்றால் அதிலேயே 75 ஆயிரத்துக்குமேல் போகலாம். /ஈடிசி/அப்டேட்டிபி.கான்ஃப் கோப்பில் ப்ரூன்நேம்ஸ் (தாண்டிப்போகவேண்டிய டைரக்டரிப் பெயர்கள்) என்ற வரியில் .கிட் எழுதித்தான் இருக்கிறது, ஆனால் டெபியனில் அந்த வரியின் தலையில் # போட்டு விட்டிருக்கிறார்கள். # எடுத்தால்தான் வேலை செய்யும். நிறையப் பேர் "அதான் இருக்கே" என்று நினைத்துத் தாண்டிப்போவது இங்கேதான்.

/வார்/லிப்/டாக்கர். ஒவ்வொரு இமேஜ் அடுக்கும் ஒரு முழு லினக்ஸ் மரம்.

ஹார்ட்லிங்க் வைத்து எடுக்கும் தினசரிப் பிரதிகள். கோப்புக்குத்தான் ஹார்ட்லிங்க், டைரக்டரிக்குக் கிடையாது. 30 நாள் பிரதி என்றால் அந்த மரத்தின் டைரக்டரிகள் 30 மடங்கு. 12 லட்சத்தில் பெரும்பங்கு இதுவாக இருந்தால் ஆச்சரியப்படமாட்டேன்.

எழுதும்போது கவனிக்க: ப்ரூன்நேம்ஸில் டைரக்டரியின் வெறும் பெயர் மட்டும், பாதை கூடாது, நட்சத்திரக்குறி வேலை செய்யாது. ப்ரூன்பாத்ஸில் முழுப் பாதை மட்டும், அங்கேயும் நட்சத்திரக்குறி கிடையாது. /ஹோம்/*/.கேஷ் என்று எழுதினால் பிழையும் வராது, பலனும் வராது. .கேஷ் என்பதை நேம்ஸ் வரியில் போடுங்கள்.

இன்னொன்று. இந்தக் கோப்பை மாற்றியதும் வருகிற முதல் ஓட்டத்தில் பழைய டேட்டாபேஸ் செல்லாது. அமைப்பு மாறியிருந்தால் பழையதை நம்பக்கூடாது என்று நிரலே முடிவு செய்து எல்லாவற்றையும் புதிதாக வாசிக்கும். ஆகவே பகலில் மாற்றிவிட்டு "சரியா வருதா பார்ப்போம்" என்று உடனே ஓட்டாதீர்கள். சனி ராத்திரி கையால் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

---

ஒருவரிப்பதில் · செவ்வாய், காலை 10:41

லொகேட்டையே தூக்கிட்டா? யார் இப்போ அதை யூஸ் பண்றாங்க?

---

தட்டுக்கணக்கு · செவ்வாய், காலை 10:48

யாரும் பயன்படுத்தவில்லை என்றால் அதுதான் சிறந்த விடை, கிண்டலாகச் சொல்லவில்லை. டைமரை மாஸ்க் செய்தால் போதும். ஆனால் பகிர்வு சர்வரில் லொகேட் இல்லையென்றால் அதே ஆட்கள் பகலில் ஃபைண்ட் அடிப்பார்கள். ராத்திரி ஒரு நடைக்குப் பதிலாகப் பகலில் பத்து நடை.

---

கர்னல்காவல் · செவ்வாய், மதியம் 1:15

பிஎஃப்க்யூ கேள்விக்கு: விர்ச்சுவல் மெஷினுக்குள் அதைப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உள்ளே இருக்கும் ஷெட்யூலர் இந்த மெஷினின் கோரிக்கைகளை மட்டும்தான் வரிசைப்படுத்தும். ஹோஸ்ட்டில் பக்கத்து மெஷின் டிஸ்க்கை ஆட்டிக்கொண்டிருந்தால் "டிஸ்க் சும்மா இருக்கிறது" என்று இது எதை வைத்துச் சொல்லும்? நேரடி வன்பொருள் என்றால் பிஎஃப்க்யூ போடச் சொல்லியிருப்பேன்.

ஷெட்யூலர் எதுவானாலும் செல்லுபடியாகும் கடிவாளம் ஒன்று உண்டு, சிகுரூப் 2-இன் (ப்ராசஸ் குழுக்களுக்கு வரம்பு வைக்கும் கர்னல் வசதி) ஐஓ.மேக்ஸ். `சிஸ்டம்சிடிஎல் எடிட் பிலொகேட்-அப்டேட்டிபி.சர்வீஸ்` போட்டு:

[சர்வீஸ்]
ஐஓரீட்ஐஓபிஎஸ்மேக்ஸ்=/டெவ்/விடிஏ 40
நைஸ்=19
மெமரிஹை=512எம்
டைம்அவுட்ஸ்டார்ட்செக்=3ஹெச்

நொடிக்கு 40 என்றால் டிஸ்க்கின் பாதி. தட்டுக்கணக்கு சொன்ன வெட்டலுக்குப் பிறகு டைரக்டரி ஒன்றரை லட்சம் என்று வையுங்கள்: 1,50,000 ÷ 40 = 3,750 நொடி, ஒரு மணிக்குக் கொஞ்சம் மேல். வெட்டாமல் இதே கடிவாளத்தை மட்டும் போட்டால் 12 லட்சத்துக்கு 30,000 நொடி, எட்டு மணி நேரத்துக்குமேல் ஆகி மறுபடி பகலில் வந்து நிற்கும். அதனால் வெட்டு முதலில், கட்டு பிறகு.

5, 10 என்று ரொம்ப இறுக்கவும் வேண்டாம். டைரக்டரியை வாசித்துக்கொண்டிருக்கும்போதே கடிவாளத்தில் மாட்டினால் அந்த டைரக்டரியின் பூட்டு அதன் கையில் இருக்கும். அதே டைரக்டரியில் புதிதாகக் கோப்பு வைக்க வருபவர் அது விடும்வரை நிற்பார்.

நைஸ்=19 பற்றி ஒரு வார்த்தை. இது சிபியுவுக்கு மட்டும். உங்கள் சர்வரில் சிபியு 5 சதவீதம்தான் ஓடுகிறது, ஆக இதனால் ஒரு பயனும் இல்லை, கெடுதலும் இல்லை.

டைம்அவுட்ஸ்டார்ட்செக் ஏன் என்றால், "3 மணி நேரத்துக்குமேல் ஓடாதே" என்று சொல்ல ரன்டைம்மேக்ஸ்செக் என்ற வரியைத்தான் எல்லாரும் எழுதுவார்கள். ஒன்ஷாட் வகைச் சர்வீஸில் (ஒரு வேலையை முடித்ததும் நின்றுவிடும் வகை, பிலொகேட்டினது இதுதான்) அது செல்லாது. ஒன்ஷாட் ஓடும்வரை "தொடங்கிக்கொண்டிருக்கிறது" என்றுதான் சிஸ்டம்டி நினைக்கும், எனவே தொடக்கத்துக்கான கெடுதான் பொருந்தும். அதன் இயல்பு மதிப்பு முடிவிலி.

இந்தக் கெடு வெட்டினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். அப்டேட்டிபி தற்காலிகக் கோப்பில் எழுதி, கடைசியில்தான் பெயர் மாற்றி வைக்கும். 2 மணி 59 நிமிடத்தில் வெட்டினால் நேற்றைய டேட்டாபேஸ் பத்திரமாக இருக்கும், இன்றைய உழைப்பு முழுக்க வீண். விட்ட இடத்திலிருந்து தொடராது. தினமும் கெடுவில் வெட்டுப்பட்டால் இன்டெக்ஸ் என்றைக்கும் புதுப்பிக்கப்படாது, ஜர்னலைப் பார்க்காதவரை யாருக்கும் தெரியவும் தெரியாது.

முன்னும் பின்னும் அளக்க லோடு ஆவரேஜை நம்பாதீர்கள். `கேட் /ப்ராக்/ப்ரஷர்/ஐஓ`. அதில் ஃபுல் என்ற வரியின் ஏவிஜி60, கடந்த ஒரு நிமிடத்தில் எத்தனை சதவீத நேரம் எல்லாருமே டிஸ்க்குக்காகக் கைகட்டி நின்றார்கள் என்று சொல்லும்.

---

யாழ்_வலை · செவ்வாய், மாலை 4:40

வணக்கம் அண்ணை. எல்லாரும் லொகேட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள், அந்த நாலைந்து ரீகால்இன்டெக்ஸ்தான் பெரிய ஆள் எண்டு நான் நினைக்கிறன். லொகேட் பெயரை மட்டும் பார்க்கும். ரீகால் கோப்பைத் திறந்து உள்ளே இருக்கிற எழுத்தைப் பிரிச்செடுக்கும். அதோடை ஒவ்வொரு கோப்பின்ரை அளவையும் நேரத்தையும் பார்க்கும், டைரக்டரியோடை நிக்காது.

ஒரு கோடியே 10 லட்சம் கோப்பைத் தொட்டால், எக்ஸ்ட்4 இனோடு ஒண்டுக்குக் கர்னல் நினைவகத்தில் கிட்டத்தட்ட 1 கேபி, டென்ட்ரிக்கு (கோப்புப் பெயரின்ரை பதிவு) 192 பைட். கூட்டிப் பாருங்கோ, 13 ஜிபி வரும். அந்த இடம் மற்ற ஆக்களின்ரை கோப்புகள் இருந்த கேஷிலை இருந்துதான் போகும். அதனாலைதான் இன்டெக்ஸ் முடிஞ்ச பிறகும் அரை மணித்தியாலம் எல்லாம் மந்தமாக இருக்கும். ராத்திரி ஓட்டினாலும் காலைமை முதல் ஒரு மணித்தியாலத்துக்கு இந்த மந்தம் தெரியும். ஸ்லாப்டாப் (கர்னல் நினைவகத்தை ஆர் பிடிச்சிருக்கு எண்டு காட்டும்) போட்டால் எக்ஸ்ட்4_இனோடு_கேஷ் மேலை நிக்கும். மெமரிஹை 2ஜி எண்டு அந்தச் சர்வீஸுக்கு வைச்சால், அது கொண்டுவாற கேஷும் அந்தக் கணக்கிலைதான் ஏறும், தன்ரையைத் தானே தின்னும், மற்றவையளின்ரையைத் தொடாது. மெமரிமேக்ஸ் வைக்காதையுங்கோ, அது கொண்டுபோடும்.

நாலைந்து ஓடுது எண்டால் நாலைந்து பேர் தங்கடை கணக்கிலை அதே ஷேரைத் தனித்தனியா இன்டெக்ஸ் செய்யினம். ஒரே வேலை ஐந்து தரம். ஆராவது ரியல்டைம் முறையிலை, அதாவது -எம் போட்டு ஓட்டினால் ஒவ்வொரு டைரக்டரிக்கும் ஒரு இனோட்டிஃபை வாட்ச் (மாற்றம் நடந்தால் சொல்லுற கண்காணிப்பு). 12 லட்சம் வாட்ச், ஒண்டுக்கு 1 கேபி, ஒரு ஆளுக்கே 1 ஜிபிக்கு மேலை கர்னல் நினைவகம்.

பொதுவா ஒரு இன்டெக்ஸ் வைச்சு எல்லாரும் அதையே தேடலாம், ரீகாலிலை வெளி இன்டெக்ஸ் சேர்க்கிற வசதி இருக்கு. ஆனால் இஞ்சைதான் கவனம். லொகேட் தேடினால் உங்களுக்கு அனுமதி இல்லாத டைரக்டரியிலை இருக்கிற பெயரைக் காட்டாது, டேட்டாபேஸை ஒரு தனிக் குழு மட்டும்தான் வாசிக்கும், கட்டளை அனுமதியைப் பார்த்துப்போட்டுத்தான் விடை தரும். ரீகாலுக்கு அந்தக் காவல் இல்லை. ரூட் கணக்கிலை எல்லாத்தையும் இன்டெக்ஸ் செய்து பொதுவா வைச்சால், கோப்பைத் திறக்க முடியாத ஆளுக்கும் தேடல் விடையிலை சம்பளப் பட்டியலின்ரை இரண்டு வரி தெரியும். ஆனபடியால் குழுவுக்கு ஒரு இன்டெக்ஸ், அந்தக் குழுவின்ரை ஷேர் மட்டும், இன்டெக்ஸ் டைரக்டரிக்கு 2750 அனுமதி.

ரீகால்.கான்ஃப்: ஸ்கிப்ட்நேம்ஸ், ஸ்கிப்ட்பாத்ஸ் இரண்டிலும் அதே வெட்டு. திரெட்க்யூசைசஸ் = -1 -1 -1 எண்டு போட்டால் பல இழையை விட்டு ஒரு இழையிலை ஓடும், பகிர்வு சர்வருக்கு அதுதான் நல்லது. இது நடுவிலை நிறுத்தினாலும் அதுவரை எழுதினதை வைச்சிருக்கும், மறுநாள் மாறாத கோப்பைத் தாண்டிப்போகும். அதனாலை இதுக்கு மூன்று மணித்தியாலக் கெடு வைக்கிறதிலை பயமில்லை. முதல் முழு இன்டெக்ஸை நாலைந்து ராத்திரியாப் பிரிச்சுச் செய்யலாம்.

தமிழ்க் கோப்புகள் இருந்தால் இன்னொரு விசயம். பழைய பிடிஎஃப், வேர்ட் கோப்புகள் பாமினியிலை (யுனிகோட் இல்லாத பழைய தமிழ் எழுத்துரு) இருக்கும். திறந்தால் திரையிலை "அம்மா" எண்டு தெரியும். பிரிச்செடுத்தால் ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அப்படியே இன்டெக்ஸிலை போகும், அரைப்புள்ளியிலை சொல் இரண்டாப் பிளந்துபோகும், யுனிகோட்டிலை தேடினால் ஒருநாளும் வராது. இப்படிப்பட்ட மரத்தை ஸ்கிப் பண்ணுங்கோ, அல்லது முதலிலை யுனிகோட்டுக்கு மாற்றிப்போட்டு இன்டெக்ஸ் செய்யுங்கோ. ஸ்கேன் பண்ணின பிடிஎஃப்புக்கு ஓசிஆர் (படத்திலை இருந்து எழுத்தைப் பிரிக்கிறது) போடுறதெண்டால் அதை இன்டெக்ஸோடை சேர்க்காமல் தனி வேலையா வையுங்கோ. டெசராக்ட் எண்ட ஓசிஆர் நிரல் ஒரு பக்கத்துக்கே நாலு இழை எடுக்கும், ஓஎம்பி_திரெட்_லிமிட்=1 வைச்சால்தான் அடங்கும்.

---

கர்னல்காவல் · செவ்வாய், மாலை 5:02

@யாழ்_வலை, அந்த மெமரிஹை விளக்கம் அருமை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பயனர்கள் தங்கள் கணக்கில் ஓட்டும் ரீகாலுக்கு சிஸ்டம் சர்வீஸில் எழுதும் கடிவாளம் பொருந்தாது, அவை யூசர் ஸ்லைஸில் (பயனர் ப்ராசஸ்களுக்கான தனிக் குழு) ஓடுகின்றன. அவற்றை நிறுத்திவிட்டுக் குழு இன்டெக்ஸைச் சர்வீஸாகக் கொண்டுவந்தால் இதே கடிவாளத்தில் கட்டலாம்.

---

பழையமணி · செவ்வாய், இரவு 8:30

பேக்கப் எப்போது ஓடுகிறது? ஏன் கேட்கிறேன் என்றால், "பேக்கப்பும் இன்டெக்ஸும் தள்ளித் தள்ளி இருக்கட்டும்" என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். ஒரே நேரத்தில் ஓடக்கூடாது, அது சரி. ஆனால் ஒன்று முடிந்த கையோடு மற்றது ஓடவேண்டும். ஆர்சிங்க் (மாறியதை மட்டும் நகலெடுக்கும் பேக்கப் நிரல்) முழு மரத்தையும் நடந்து முடிக்கும்போது அத்தனை டைரக்டரியின் இனோடும் ரேமில் சூடாக இருக்கும். மாறாத கோப்பின் உள்ளடக்கத்தை அது வாசிப்பதில்லை, அதனால் கேஷும் குப்பையாகாது. அடுத்த பத்து நிமிடத்தில் அப்டேட்டிபி வந்தால் டிஸ்க்குக்குப் போகவேண்டிய தேவையே பெருமளவு இருக்காது. ரேமிலிருந்து கிடைப்பதற்கு ஐஓ.மேக்ஸ் கணக்குப் பிடிக்காது, அந்த 40-க்குள் வராமல் ஓடிவிடும். நடுவில் மூன்று மணி நேரம் இடைவெளி விட்டால் இந்தச் சலுகை போச்சு.

பேக்கப் உங்கள் சர்வரில் சர்வீஸாக ஓடினால் அதில் ஆன்சக்ஸஸ்=பிலொகேட்-அப்டேட்டிபி.சர்வீஸ் என்று எழுதிவிட்டு டைமரையே அணைத்துவிடலாம். வெளியிலிருந்து வந்து இழுத்துப்போகிறது என்றால் டைமர்தான் வழி.

பெர்சிஸ்டென்ட்=ட்ரூ வரியையும் மாற்றுங்கள். ராத்திரி மெஷின் அணைந்திருந்து காலை 10 மணிக்கு எழுந்தால், "2:10-ஐத் தவறவிட்டேன்" என்று எழுந்ததும் ஓட ஆரம்பிக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் லாகின் செய்யும் நேரம் அது. ஒருநாள் பழைய இன்டெக்ஸால் உலகம் முழுகிப்போகாது.

எக்ஸ்ட்4-க்குப் பதிலாக பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: ப்ரூன்_பைண்ட்_மவுண்ட்ஸ்="யெஸ்" இருந்தால் /ஹோம் தனிச் சப்வால்யூமாக மவுண்ட் ஆகியிருக்கும்போது அதையும் பைண்ட் மவுண்ட் (வேறிடத்தில் இருக்கும் டைரக்டரியின் இரண்டாவது வாசல்) என்று நினைத்து விட்டுவிடும். இன்டெக்ஸ் இரண்டு நிமிடத்தில் முடிகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், வீட்டையே விட்டுவிட்டு வந்திருக்கும். எக்ஸ்ட்4-க்கு இந்தக் கவலை இல்லை.

---

நடுச்சாமக்கிரான் · ஞாயிறு, மாலை 7:10

பேக்கப் வெளியிலிருந்துதான் வருகிறது, 1 மணிக்குத் தொடங்கி 2-க்குள் முடியும். செய்தவை:

ப்ரூன்நேம்ஸ் # எடுத்தேன், .கிட், நோட்_மாட்யூல்ஸ், .கேஷ் சேர்த்தேன். ப்ரூன்பாத்ஸில் டாக்கர் டைரக்டரியும், தினசரிப் பிரதிகள் இருக்கும் டைரக்டரியும். தட்டுக்கணக்கு சொன்னது சரி, அந்தப் பிரதிகளில் மட்டும் ஏழு லட்சம் டைரக்டரி. மொத்தம் இப்போது 1 லட்சத்து 40 ஆயிரம்.

சர்வீஸில் கர்னல்காவல் கொடுத்த நான்கு வரி. சனி இரவு கையால் ஒருமுறை முழு ஓட்டம், 55 நிமிடம். ஃபுல் ஏவிஜி60 ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை.

தனித்தனி ரீகால் ஐந்தையும் நிறுத்திவிட்டு இரண்டு குழுவுக்கு இரண்டு இன்டெக்ஸ், 3:30-க்கு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இருக்க எஃப்லாக், ஒன்று முடியும்வரை மற்றது காத்திருக்கும்.

டைமருக்கு `சிஸ்டம்சிடிஎல் எடிட்` போட்டு எழுதியது:

[டைமர்]
ஆன்கேலண்டர்=*-*-* 02:10:00 ஏசியா/கொல்கத்தா
ரேண்டமைஸ்டுடிலேசெக்=0
பெர்சிஸ்டென்ட்=ஃபால்ஸ்

`லிஸ்ட்-டைமர்ஸ்` அடுத்த ஓட்டம் 20:40 யுடிசி என்று காட்டுகிறது. சரிதானே?

---

கர்னல்காவல் · ஞாயிறு, இரவு 7:48

இல்லை. ஒரு வரி குறைகிறது.

மற்ற வரிகள் பழையதை அழித்துவிட்டு உட்காரும். ஆன்கேலண்டர் அப்படியில்லை, அது பட்டியல். மூலக் கோப்பில் இருக்கும் டெய்லி அப்படியே இருக்கிறது, நீங்கள் எழுதியது இரண்டாவதாகச் சேர்ந்திருக்கிறது. லிஸ்ட்-டைமர்ஸ் அடுத்து வரும் ஒன்றை மட்டும்தான் காட்டும். மாலையில் பார்த்ததால் 20:40 தெரிந்தது. இன்றிரவு 2:10-க்கு ஓடிவிட்டு, காலை 5:30-க்கு, அதாவது யுடிசி 00:00-க்கு இன்னொரு முறை ஓடும்.

`சிஸ்டம்சிடிஎல் ஷோ -பி டைமர்ஸ்கேலண்டர் பிலொகேட்-அப்டேட்டிபி.டைமர்` போடுங்கள், இரண்டு வரி வரும். உங்கள் வரிக்கு மேலே ஒரு காலி வரி வேண்டும்:

ஆன்கேலண்டர்=
ஆன்கேலண்டர்=*-*-* 02:10:00 ஏசியா/கொல்கத்தா

முதல் வரி பட்டியலைத் துடைக்கும். இன்னொன்று, மூலக் கோப்பில் அக்யூரசிசெக்=20மின் இருக்கிறது. 2:10 என்று போட்டாலும் 2:30-க்குள் எப்போது வேண்டுமானாலும் எழும், அதைப் பார்த்துக் குழம்பவேண்டாம்.

---

நடுச்சாமக்கிரான் · ஞாயிறு, இரவு 8:03

ஷோவில் இரண்டு வரிதான் வந்தது. காலி வரியைச் சேர்த்த பிறகு ஒன்று. டைமரை ரீஸ்டார்ட் செய்துவிட்டேன்.